ஒன்பதே கால்

ஒரு மில்லி எண்ணெய்.
பத்து மில்லி ஸ்பிரிட்,
"காயத்துக்கோ?" என்று கேட்டுவிட்டு
பார்மசிக்காரன் தந்தது.
விரல் நுனியில் ஒரு சிட்டிகை மஞ்சள்.
ஜாம் போத்தலைச் சுழற்றியபடி
சிறிஞ்சில் சோடாத் தண்ணியை ஏற்றுகிறேன்:
லீற்றருக்கு ஒரு கிறாம்,
அடகுகடைத் தராசில்
என் காப்பை நிறுத்த பிறகு நிறுத்தது.

இது எனக்குப் புதிசில்லை.
பள்ளிக்கூட ஆய்வுகூடத்தில்
பதினாறு வருசம் பியூரெட் கழுவினவள்.
நிறம் மாறுவதைப் பிள்ளைகள் பார்த்தார்கள்.
மாறின நிறத்தைக் கொட்டிக் கழுவியது நான்.

டீசல் வரிசை
கோண்டாவில் சந்தியைத் தாண்டி நிற்கிறது.
வெங்காயத் தறை அப்படி நிற்காது.
ஒரு இறைப்புத் தவறினால்
தாள் நுனியில் மஞ்சள் ஏறும்,
அதுவும் ஒரு காட்டிதான்.

முதல் கான் வைரவர் கோயிலில் இருந்து,
வடைமாலைக்குப் பொரித்தது.
ஒரு துளி விட்டேன்.
சிவந்தது. உடனே மறந்து
மஞ்சளுக்குத் திரும்பியது.
இன்னொன்று. இன்னொன்று.
பிறகு சிவப்பு நின்றது.
முப்பது எண்ணும்வரை நிற்க வேண்டும்,
மூச்சைப் பிடித்து எண்ணினேன்.
ஒன்றரை.
வைரவர் ஒரே எண்ணெயை
இரண்டாம் தரம் கேட்பதில்லைப் போல.

கலியாண மண்டபத்துக் கான்: நாலு.
பரவாயில்லை, சனம் கூடின கலியாணம்.

மூன்றாவதை மச்சான் ரதீஸ்கரன்
சைக்கிள் கரியரில் கட்டிக்கொண்டு வந்தான்,
சந்தியில் ரோல்ஸ் கடை வைத்திருப்பவன்.
"ரெண்டு தரம்தான் பொரிச்சது மச்சாள், சத்தியமா."

மூன்று மில்லிச் சிறிஞ்ச்.
நாலாம் தரமும் நிரப்பினேன்.
மஞ்சள் அசையவில்லை.
ஒவ்வொரு கொதிப்பிலும் எண்ணெய் கொஞ்சம் உடைகிறது,
உடைந்தது புளிக்கிறது,
புளித்தது விட்ட சோடாவை எல்லாம்
குடித்துவிட்டு வாய் திறக்காமல் இருக்கிறது.
கடைசியில்தான் சிவந்தது,
மஞ்சளும் சுண்ணாம்பும் சந்திக்கிற அதே சிவப்பு.
மாப்பிள்ளைக்கு ஆலாத்தி எடுத்து
கண்ணூறு கழிய
வாசலில் ஊற்றுவோமே, அது.

ஒன்பதே கால்.
மூன்றரையைக் கூட்டினால்
லீற்றருக்குப் பன்னிரண்டே முக்கால் கிறாம் சோடா.
அதில் டீசல் பாதி, சவுக்காரம் பாதி.
ரெண்டு தரமாம்.

இரவு போன் எடுத்தான்.
"எத்தினை மச்சாள்?"
"எஞ்சினுக்கு ஆகாது."
அந்தப் பக்கம் தாச்சியில் ஏதோ பொரிகிற சத்தம்.
"அப்ப திருப்பி அனுப்பிவிடுங்கோ,
நாளைக்கு ரியூசன் பெடியளுக்குப் பொரிக்க உதவும்."

ஏச வாய் வரவில்லை.
ஒரு போத்தல் தேங்காயெண்ணெய் விற்கிற விலை
எனக்கும் தெரியும்.
"ஓம்" என்று வைத்துவிட்டு
கான் முழுவதையும் கிடாரத்தில் ஊற்றி
சோடாவை அள்ளிப் போட்டேன்.
விடியும்வரை துழாவினேன்.
கண் எரிந்தது.

வைரவர் எண்ணெயில் பம் நாற்பது நிமிசம் ஓடியது.
தறை முழுக்க வடை மணம்.
இரண்டு நாய்கள் எஞ்சினைப் பார்த்து
வரப்பில் குந்தியிருந்தன.
தவகுலன் சிரித்தார்.
தம்பியின் எண்ணெயைப் பற்றிக் கேட்டார்,
"சவுக்காரமாப் போச்சுது" என்றேன்.
அதுக்குமேல் சொல்லவில்லை.

சவுக்காரம் இறுகக் கிழமைகள் எடுத்தது.
நாலு கட்டியைப் பேப்பரில் சுற்றி
மேலே பேனையால் 9.25 என்று எழுதி
மகளிடம் கொடுத்துவிட்டேன்.

திரும்பி வந்தாள்.
"சித்தப்பா, இது விலையோ எண்டு கேட்டவர்."
"நீ என்ன சொன்னனி?"
"தெரியாது எண்டன்.
சவுக்காரம் நல்லா இருக்காம்,
காசு வேண்டாமெண்டு இதைத் தந்தவர்."

அவள் கையில் ஒரு ரோல்ஸ்.
ஒரு கடி கடித்தாயிற்று.
பேப்பரில் எண்ணெய் ஊறிப் படர்ந்து
எழுத்துகள் மறுபக்கம் தெரிந்தன.

நான் மஞ்சள் டப்பாவைத் தேடினேன்.